புத்தகத்தில் இருக்கும் பஞ்சுக்காரி

ஜெஸ்லின் தனியாக ஓடி வந்தாள். அதைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. அவளும் என் மகள் தீபிகாவும் போனால் சேர்ந்து போவார்கள், வந்தால் சேர்ந்து வருவார்கள். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு, எஸ்டேட் வேலைக்காரர்களின் லைன் வீட்டு வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருத்தியை மட்டும் பார்த்தால் இன்னொருத்தி எங்கே என்று லைனில் எல்லாரும் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. காப்பிப் பழம் பறிப்பு இல்லாத நாள். நான் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

"தீபிகா எங்கடி?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. முட்டியில் ரத்தம். "பனி எறங்கிருச்சுங்க அத்தை. கையப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எப்படியோ உட்டுட்டேன்."

"எங்க உட்ட?"

"சறுக்குப்பாறைல."

கையிலிருந்த சோப்பு எங்கே போனது என்று தெரியாது. எழுந்துவிட்டேன்.

சறுக்குப்பாறை எங்கள் எஸ்டேட்டின் மேல்கோடியில் இருக்கிறது. கடைசி சில்வர் ஓக் மரம் தாண்டினால் காப்பிச் செடி கிடையாது, மொட்டைப் பாறைதான். கார்த்திகை மாதத்தில் பாசி பிடித்து வழுக்கும். இந்தப் பக்கம் ஏறலாம், அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. எட்டிப் பார்த்தால் எங்கேயோ பாதாளத்தில் குப்பனூர் ரோட்டு வளைவில் லாரி போவது தெரியும். போன மழைக்கு எங்கள் மேஸ்திரி சின்னத்தம்பியின் மாடு அங்கிருந்து விழுந்தது. கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

"அங்க என்னடி வேல உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"நாலாவது கதவு அங்கதான் இருக்கோணும்னு தீபிகாதாங்க அத்தை சொன்னா. புக்குல எழுதியிருக்கற மாதிரியே ரெண்டு பாறை, நடுவுல சந்து..."

மறுபடியும் அந்தப் புத்தகம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். 'நான்காம் பனிக்கதவு' என்று ஒரு மாயாஜாலக் கதை. தடித்தடியாக மூன்று பாகம். பிள்ளைகள் எல்லாம் பைத்தியமாகக் கிடந்தார்கள். அதைப் படமாக எடுத்தபோது போன வருஷம் எங்கள் மலைக்குத்தான் வந்தார்கள். ஊர்க்கூட்டமாக நிற்க ஆள் வேண்டும் என்று லைன் பொம்பளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் நின்றேன். மத்தியானம் பிரியாணி. படம் வந்தபோது மொத்த லைனும் சேலத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்தோம். ஒரு இடத்தில் என் முகம் கண் சிமிட்டும் நேரம் வரும். கண்ணம்மாள் அக்கா தியேட்டரில் எழுந்து நின்று விசில் அடித்தாள்.

தீபிகா மட்டும் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கேட்டால் அழுகை. "எல்லாத்தையும் கெடுத்துட்டாங்கம்மா. கதையில வர்ற தாழைக்கு என்ற வயசும்மா. காலேஜ் போறவளா காட்டறாங்க. அவளுக்கு லவ்வு, ஏரியில போட்டுல பாட்டு. பஞ்சுக்காரி அப்படி இருக்கவேமாட்டா. நொம்பப் பொய்யி."

பஞ்சுக்காரி என்பது அந்தக் கதையில் வரும் பேய். படத்தில் பனை மர உயரம் இருக்கும், கம்ப்யூட்டரில் செய்தது. வாய் முழுக்கப் பல்லு. கடைசியில் கதாநாயகன் தீப்பந்தத்தால் குத்திக் கொல்வான். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. "அம்புட்டுச் செலவு பண்ணிப் படம் எடுத்தவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுருச்சாக்கும்" என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

அன்றிலிருந்து, "அம்மா, நீயும் ஒருக்கா புக்கப் படிம்மா" என்று என் பின்னாலேயே திரிந்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள்தான் நான், எழுத்துக் கூட்டத் தெரியாதவள் இல்லை. ஆனால் பொழுதுக்கும் பழக்கூடையைச் சுமந்துவிட்டு வருகிறவளுக்குப் புத்தகமா? "அதான் படம் பாத்தாச்சே, கதை தெரியுமே" என்பேன். போன வாரம் சோறு வடிக்கிற நேரத்தில் வந்து நச்சரித்தாள். எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே இருக்கும். "இன்னொரு தடவ அதக் கண்ணுல காட்டுன, அடுப்புல வெச்சுருவேன்" என்று கத்திவிட்டேன். ஜெஸ்லினின் புத்தகம் அது. கூடவே நின்றிருந்த ஜெஸ்லின் பயந்துபோய் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இப்போது அதே ஜெஸ்லின் என் முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றாள். அவளைத் திட்ட நேரமில்லை. "கண்ணம்மாக்கா! மருதாயி! என்ற புள்ள சறுக்குப்பாறைல மாட்டிக்கிச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கமலக்கண்ணன் ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போயிருந்தார். போன் போட்டேன், எடுக்கவில்லை. போனை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

மேல் தோட்டத்துக்குப் போகிற வழியிலேயே பனி எங்களை மூடிவிட்டது. முன்னால் போகிற கண்ணம்மாள் அக்காவின் சிவப்புச் சேலை மட்டும் அசைந்தது, ஆள் தெரியவில்லை.

பனி இறங்கினால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பறிப்பில் இருக்கும்போது ஆளுக்கு ஆள் கூவிக்கொள்வோம். ஒருத்தி கூவினால் அடுத்தவள் கூவ வேண்டும், அவள் கூவினால் அதற்கு அடுத்தவள். பதில் கூவாமல் இருக்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி சொல்லிக் கொடுப்பது இதைத்தான். வாய் சும்மா இருந்தால் ஆள் விழுந்துவிட்டாள் என்று அர்த்தம், எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கும் இது தெரியும். நடக்கப் பழகும்போதே கூவப் பழகிவிடும்.

அதனால் எல்லாரும் வரிசையாகப் பிரிந்து நின்று கூப்பிட்டோம். "தீபிகா... ஓய்... தீபிகா..." கண்ணம்மாள் அக்காவின் குரல் மலைக்கு அந்தப் பக்கம் செம்மநத்தம் வரைக்கும் கேட்கும். அவள் கூப்பிட்டாள். மருதாயி கூப்பிட்டாள். எல்லாரையும் மிஞ்சிக்கொண்டு நான் கூப்பிட்டேன்.

பதில் இல்லை.

நின்று காது கொடுத்துக் கேட்டோம். இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்தான்.

"கண்ணு! தங்கம்! அம்மா வந்துருக்கேன் சாமி, ஒருக்கா குரல் குடு சாமி!" எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. நான் அவளைத் தங்கம் என்று கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. பயம் வந்தால் வாயில் தேன் ஊறும் போல.

பதில் இல்லை. மருதாயி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்தேன். கூவினால் பதில் கூவாத பிள்ளை எங்கள் லைனில் கிடையாது. மெதுவாக, "மாரியாத்தா... பச்சப் புள்ளயாச்சே..." என்று இழுத்தாள். அது ஒப்பாரிக்கு முந்தின குரல்.

"வாய மூடு மருதாயி!" என்று சீறினேன். "எதுக்கு இப்ப இழுக்கற? என்ற புள்ளைக்கு ஒண்ணும் ஆகல." 

இன்னும் மேலே ஏறினோம். பாதையில் அவளுடைய செருப்பு ஒன்று கிடந்தது. எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். இந்தத் தடவை சத்தம் கேட்டது. மேலே, இடது பக்கம், சருகில் கால் படும் சத்தம். சின்னக் கால்.

"தீபிகா!"

சத்தம் ஓடியது. எங்களைப் பார்த்து இல்லை. எங்களை விட்டு மேலே.

எனக்குப் புரியவில்லை. காட்டுப் பன்றியோ என்றாள் கண்ணம்மாள் அக்கா. பன்றி அப்படி ஓடாது. நான் இன்னும் உரக்க, இன்னும் கெஞ்சிக் கூப்பிட்டேன். மறுபடி அதே காலடி, இன்னும் வேகமாக, இன்னும் மேலே. கூப்பிடக் கூப்பிட விலகிப் போனது. மேலே போகப் போக என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.  என் பிள்ளை என் குரலைக் கேட்டு ஏன் ஓடுகிறாள்? என்னைக் கண்டால் அவ்வளவு பயமா? திட்டினது உண்டு, தோசைக்கரண்டியால் இரண்டு போட்டதும் உண்டு. அதற்காகப் பாறைக்கா ஓடுவாள்?

அப்போது என் சேலையை யாரோ பிடித்து இழுத்தார்கள். ஜெஸ்லின். வீட்டில் இருடி என்று சொல்லியும் பின்னாலேயே வந்திருக்கிறாள். அழுதழுது மூக்கு ஒழுகியிருந்தது.

"கூப்புடாதீங்க அத்தை. கூப்புட்டா அவ இன்னும் ஓடுவா."

"ஏனாம்?"

"புக்குல பஞ்சுக்காரி அம்மா குரல்லதான் கூப்புடுவா."

குனிந்து அவள் தோளைப் பிடித்தேன்.

"படத்துல பல்லு வெச்ச பூதமா காட்டறாங்கல்லங்க. புக்குல அப்படி இல்லீங்க அத்தை. அவளுக்குன்னு உருவமே கெடையாது. பனிதான் அவ. யாராச்சும் பனிக்குள்ள தொலஞ்சா, அவுங்க அம்மா மாதிரியே குரல மாத்திக் கூப்புடுவா. கண்ணு, தங்கம்னு கூப்புடுவா. நாலு பக்கமும் இருந்து கூப்புடுவா. பதில் சொன்னா அவ்ளோதான். தாழை வாயப் பொத்திக்கிட்டு மேல மேல ஓடுவா."

மலையே தலைகீழாகிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. இத்தனை நேரமும் லைன் பொம்பளைகள் மொத்தப் பேரும் சேர்ந்து என் பிள்ளையை அந்தப் பாறைக்கு விரட்டிக்கொண்டிருந்தோம்.

பதினொரு வயதுப் பெண் இதையெல்லாம் நம்புவாளா என்று கேட்கலாம். வெயிலில் நம்பமாட்டாள். பனிக்குள்ளே, ஒற்றைச் செருப்போடு, தோழி கை விட்டுப்போய், எந்தத் திசை என்று தெரியாமல் எல்லாத் திசையிலிருந்தும் தன் பெயர் கேட்டால் நானே நம்பியிருப்பேன்.

"இத ஏன்டி மொதல்லயே சொல்லல?"

"நீங்க புக்க அடுப்புல போட்டுருவீங்கன்னு..." என்று சொல்லிவிட்டு விம்மினாள்.

அறைய ஓங்கின கையால் அவள் தலையைப் பிடித்து என் இடுப்போடு சேர்த்துக்கொண்டேன். "சரி, அழாத. நா எப்பவும் போலத் திட்டிக் கூப்புட்டா நம்புவாளா?"

"பஞ்சுக்காரி திட்டவும் செய்வாளுங்க அத்தை. அம்மா எப்படியோ அப்படியே. கிட்ட வந்தா மூஞ்சியும் அம்மா மூஞ்சியாவே ஆயிரும்."

"அப்ப நெச அம்மாவ எப்படித்தான்டி கண்டுபுடிக்கறது?"

ஜெஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதுகுங்க" என்றாள். "பஞ்சுக்காரிக்கு முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். முதுகு கெடையாது. அதனால திரும்பவே மாட்டா. முதுகத் தொட்டுப் பாத்தா ஓட்டையா இருக்கும். தாழையோட அம்மா திரும்பி உக்காந்துக்குவாங்க. தாழை வந்து தொட்டுப் பாப்பா."

படத்தில் இது எதுவுமே கிடையாது. படத்தில் அம்மா ஓடி வருவாள். மலை உச்சியில் மகள் நிற்பாள், அம்மா தலைமுடி பறக்க ஓடி, விழப்போகிறவளைப் பாய்ந்து பிடிப்பாள். தியேட்டரில் நான் ஓவென்று அழுதேன். அந்தக் காட்சியை எடுக்கும்போது கூட்டத்தில் நானும் நின்றேன். விளிம்புக்குக் கீழே நீலக் கலரில் பெரிய மெத்தை போட்டிருந்தார்கள். அந்த அம்மாவின் இடுப்பில் கயிறு கட்டி நாலு பேர் பிடித்திருந்தார்கள்.

முதலில் கூப்பாட்டை நிறுத்த வேண்டும். அது எளிதாக இல்லை. பனிக்குள் கூவாதே என்று எஸ்டேட் பொம்பளைகளிடம் சொல்வது, மூச்சு விடாதே என்று சொல்வதற்குச் சமம்.

"ஏன் புவனா, கூப்புடாம எப்படிப் புள்ளயத் தேடறது?" என்றாள் கண்ணம்மாள் அக்கா. "பயத்துல உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா?"

"அக்கா, உங்க காலுல வேணும்னாலும் உழுகறேன். சொல்லிட்டிருக்க நேரமில்ல. ஒரு ஆளும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா நா மனுசியா இருக்கமாட்டேன். இவளப் புடிச்சுக்குங்க."

ஜெஸ்லினை அவளிடம் தள்ளினேன். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, கண்ணம்மாள் அக்கா சேலைத் தலைப்பால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் ஒவ்வொருத்தியாகத் தொட்டுத் தொட்டுச் செய்தி போனது. கூப்பாடு ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியாக எங்கேயோ தூரத்தில் ஒரு குரல், "தீபி..." என்று பாதியில் நின்றது.

பனிக்குள் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. அந்த மலையில் அமைதி என்றால் ஆள் போய்விட்டாள் என்று அர்த்தம். பிள்ளையைக் கூப்பிடாமல் பிள்ளையை நோக்கி நடப்பது எப்படி என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கத்தல் தொண்டையில் வந்து வந்து முட்டியது. தலைப்பைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினேன்.

கடைசி சில்வர் ஓக்கைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். அதைத் தாண்டியதும் காலடியில் மண் போய் வழுவழு என்று பாறை. குனிந்து கை ஊன்றிப் போனேன். கீழே பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. வந்த வேகத்தில் பனியை இழுத்து விலக்கியது.

அங்கே நின்றாள்.

ஒரு சேலை நீளம்கூட இருக்காது எங்களுக்கு நடுவில். இரண்டு பாறைக்கு இடையில் இருக்கிற சந்தின் மறுமுனையில், பள்ளத்தை ஒட்டி. பச்சை ஸ்வெட்டர். ஒரு காலில் செருப்பு. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் குதிகாலுக்குப் பின்னால் பாறை முடிந்துபோய் வெறும் வெள்ளை.

என் உடம்பு என்னைக் கேட்காமலே புறப்பட்டது. ஓட ஒரு காலைத் தூக்கிவிட்டேன்.

அவள் பின்னால் நகர்ந்தாள்.

கொஞ்சம்தான். உள்ளங்கை அளவு. ஆனால் அவளுக்கு மிச்சம் இருந்ததே அவ்வளவுதான். தூக்கின காலை எப்படி நிறுத்தினேனோ, அந்தரத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அவள் என்னையே பார்த்தாள். என் மகள் அப்படி யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. வெறிநாயைப் பார்க்கிற மாதிரி, பெற்ற தாயைப் பார்த்தாள்.

"தீபி..." என்று என் வாய் தானாகத் திறந்தது. அவள் கண் இன்னும் அகலமாயிற்று. வாயை மூடினேன்.

பாய்ந்தால் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. தூரம் அவ்வளவு கம்மி. அந்தச் சினிமா அம்மா இதைவிடத் தூரத்திலிருந்து பிடித்தாள். ஆனால் அங்கே மெத்தை இருந்தது. இங்கே சின்னத்தம்பியின் மாடு விழுந்த பள்ளம் இருந்தது.

நான் திரும்பினேன்.

சொல்லும்போது ஒரு வார்த்தை. செய்யும்போது கழுத்தை யாரோ திருகின மாதிரி இருந்தது. விளிம்பில் நிற்கும் பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? கண்ணாலேயே அவளைப் பிடித்து வைத்திருக்கிறேன், எடுத்தால் விழுந்துவிடுவாள் என்று தோன்றியது. எடுத்தேன். அவளுக்குப் பின்பக்கம் தெரியும்படி அந்த ஈரப் பாறையில் உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்து முடியை முன்னால் போட்டுக்கொண்டேன், முதுகு நன்றாகத் தெரியட்டும் என்று. கண்ணுக்கு எதிரே அந்த ஓக் மரம், அதில் ஏறின மிளகுக் கொடி, பனி. வேறு ஒன்றும் இல்லை.

பின்னால் சத்தமே வரவில்லை.

இருக்கிறாளா?

சேர்வராயா, என்று எங்கள் மலைச்சாமியை மனசுக்குள் கூப்பிட்டேன். சாமி, உன் குகைக்குள் எங்கள் வீட்டு விளக்கு எத்தனை வருஷம் எரிந்திருக்கிறது, என் பிள்ளையைத் தள்ளிவிடாதே. அடுத்த நொடியே இந்த நாசமாய்ப்போன கதையை எழுதினவனைத் திட்டினேன். படம் எடுத்தவனையும் திட்டினேன். எடுத்ததுதான் எடுத்தான், முதுகை ஏன் விட்டான்? எல்லாரும் பார்த்த படத்தில் அது இருந்திருந்தால் மருதாயிக்குக்கூடத் தெரிந்திருக்குமே.

ஒரு கல் உருண்டது.

சின்னக் கல். பாறையில் இரண்டு தட்டுத் தட்டியது, அப்புறம் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கும் கேட்கும் என்று இருந்தேன். கேட்கவே இல்லை.

தலைப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துவிட்டேன். திரும்பு, திரும்பு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. கல் மட்டும்தானா? கல்லோடு வேறு எதுவும் போய்விட்டதா? திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் இருந்தால், திரும்பின முகத்தைப் பார்த்துப் பின்னால் போவாள். இல்லாவிட்டால் பார்த்து என்ன ஆகப்போகிறது? இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. தோள் குலுங்கினால் பயப்படுவாளோ என்று அழுகையைக்கூட அடக்கினேன்.

ஜாக்கெட்டுக்கு மேலே, கழுத்துக்குக் கீழே, ஒரு விரல் பட்டது.

பட்டதும் எடுத்துவிட்டது. சுட்ட மாதிரி.

நான் மூச்சு விடவில்லை.

மறுபடி பட்டது. ஒரு விரல், இரண்டு விரல், அப்புறம் உள்ளங்கை. சில்லென்று இருந்தது. முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டு கீழே வரைக்கும் இறங்கியது, திரும்ப மேலே வந்தது, ஓட்டை இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தது. இரண்டாவது கையும் வந்தது. அப்புறம் முதுகில் ஒரு நெற்றி முட்டியது.

"அம்மா?"

"ம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான் சாமி."

கையைப் பின்னால் விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அந்தப் பிடியை யமன் வந்தாலும் விட்டிருக்கமாட்டேன். திரும்பாமலே, உட்கார்ந்த வாக்கிலேயே, அவளை இழுத்துக்கொண்டு பாறையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து மண்ணுக்கு வந்தேன். மரத்தடிக்கு வந்த பிறகுதான் திரும்பினேன். கட்டிப்பிடித்தேன். "அடி பாவி, சண்டாளி, என்ற உசுர எடுக்கவே பொறந்தியாடி!" என்று வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். கன்னத்திலும் தலையிலும் முத்தம் கொடுத்தேன். எது எதற்கு முன்னால் என்று தெரியாது. கீழே இருக்கிறவர்களுக்குக் கூவிச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. மடியிலிருந்த செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டினேன். வார் துளைக்குள் போகவில்லை. அவளே வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, புக்கப் படிச்சுட்டியா?" என்று கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எங்க படிச்சேன்? ஜெஸ்லின் சொன்னா, முதுக மட்டும்."

"நீ படத்துல வர்ற அம்மா மாதிரி ஓடி வரப்போறேன்னு நெனச்சேன். கால வேற தூக்குன."

"வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"குதிச்சிருப்பேன்."

பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். "பஞ்சுக்காரி தொட வந்தா குதிச்சரோணும்மா. கீழ போறதுக்குள்ள கதவு தொறந்துக்கும். தாழை அப்படித்தான் மொதோ பாகத்துல தப்பிப்பா. அதையும் படத்துல எடுக்கல."

 பாறையில் ஓடத் தூக்கினேனே, அந்த வலது கால், மண்ணில் உட்கார்ந்திருக்கும்போதே தன்னால் உதற ஆரம்பித்தது. இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினேன். நிற்கவில்லை. தீபிகாவும் குனிந்து தன் கையை வைத்து அமுக்கினாள். "ஏம்மா இப்படி ஆடுது, குளுருதா?" என்று கேட்டாள்.